மணவிலக்குகள் 5 முதல் 9 ஆண்டுகளுக்குள் அதிகமாக நிகழ்வது ஏன்?

கேள்வி: பொங்கோல் வாசகர்

அடுத்த ஆண்டு எனக்குத் திருமணம். இரு வீட்டாருக்கும் முழுச் சம்மதம்; எங்களுக்குள்ளும் பெரிய கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. ஆனால் என்னோடு பணியாற்றும் இருவர் அண்மையில் மணவிலக்குப் பெற்றனர். இருவருமே விரும்பி மணந்து, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் குடியேறி, பிள்ளையும் பெற்றவர்கள். அதன் பிறகுதான் புள்ளிவிவரத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையை எடுத்துப் படித்தேன். 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 28,310 திருமணங்கள் பதிவாகியுள்ளன. அதே ஆண்டில் மணவிலக்கு, திருமண ரத்து (திருமணமே செல்லாதென நீதிமன்றம் அறிவிப்பது) ஆகிய இரண்டும் சேர்ந்து 7,118. அப்படியானால் நான்கில் ஒரு திருமணம் முறிகிறது என்று கொள்ளலாமா? மணவிலக்குப் பெறுவோரில் 5 முதல் 9 ஆண்டுகள் வரை மணவாழ்வு நடத்தியவர்களே ஆகப் பெரிய பிரிவினர் என்றும் அறிகிறேன். “ஏழு வருஷத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் கவலையில்லை” என்று எங்கள் பெரியம்மா சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? முதன்மைக் காரணமாக “நியாயமற்ற நடத்தை” என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்து என்ன தெரிந்துகொள்வது?

பதில்: ஈசூன் சட்ட எழுத்தர்

தம்பி, முதலில் அந்த நான்கில் ஒன்று என்ற கணக்கை விட்டுவிடுங்கள். 2023இல் பிரிந்தவர்களும் 2023இல் மணந்தவர்களும் வேறு வேறு ஆட்கள். பிரிந்தவர்களில் 1990களில் தாலி கட்டியவரும் இருப்பார், 2017இல் மணந்தவரும் இருப்பார். ஒரே ஆண்டில் மணந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து, அவர்களில் எத்தனை பேர் பத்தாம் ஆண்டு நிறைவுக்கு முன் பிரிந்தார்கள் என்று பார்ப்பதே சரியான முறை. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2015இல் அவ்வாறு ஆராய்ந்தபோது, 1987இல் மணந்தோரில் 8.7 விழுக்காட்டினரும் 2003இல் மணந்தோரில் 16.1 விழுக்காட்டினரும் பத்தாண்டுக்குள் பிரிந்திருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ இரு மடங்கு உயர்வு என்பது உண்மைதான்; ஆனாலும் நான்கில் ஒன்று என்பதற்கு அது மிகவும் கீழே நிற்கிறது.

இனி, ஏன் 5 முதல் 9 ஆண்டு என்ற கேள்விக்கு வருகிறேன். குடும்ப வழக்குகளுக்கான ஆவணங்களை நெடுங்காலமாகத் தயாரித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஆண்டுகள் மணவாழ்வு கசந்த காலத்தைக் காட்டுவதைவிட, சட்டமும் வீடும் மக்களைக் காக்க வைக்கும் காலத்தையே அதிகம் காட்டுகின்றன. முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்துக்கான சட்டமாகிய மாதர் சாசனத்தின்படி, திருமணமாகி மூன்று ஆண்டுகள் நிறைவதற்கு முன் மணவிலக்குக் கோர முடியாது. மிகக் கடுமையான துன்பம் அல்லது மிகக் கொடிய நடத்தை என்று நீதிமன்றத்தை ஏற்கச் செய்தால் மட்டுமே விலக்கு உண்டு. அதன் பின்னும், கூடா உறவு, நியாயமற்ற நடத்தை, இரண்டாண்டு கைவிட்டிருத்தல், இருவரும் சம்மதித்தால் மூன்றாண்டும் ஒருவர் மறுத்தால் நான்காண்டும் பிரிந்து வாழ்ந்திருத்தல் ஆகியவற்றுள் ஒன்றை நிறுவியாக வேண்டியிருந்தது. யார் மீதும் பழி சுமத்த விரும்பாத தம்பதியர் பிரிந்து வாழும் வழியைத் தேர்ந்தெடுத்தனர். இரண்டாம் ஆண்டில் மனம் முறிந்தவர்களின் வழக்கு ஆறாம் ஆண்டில்தான் தாக்கலாயிற்று. இடைக்காலத் தீர்ப்பு வந்த பிறகும், இறுதித் தீர்ப்புக்குக் குறைந்தது மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

வீட்டையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடிஓ வீட்டில், அதாவது முன்பதிவின் பேரில் வீவக கட்டித் தரும் புதிய வீட்டில், குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான ஐந்தாண்டு முடியாமல் அதை வெளிச்சந்தையில் விற்க இயலாது. (நல்ல வசதியான இடங்களில் அமையும் பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்கு அது பத்தாண்டு, அவற்றில் குடியேறும் இளம் தம்பதியரின் கணக்கு இன்னும் சில ஆண்டுகளில் எப்படி மாறுமோ!) அதற்குள் பிரிந்தால், தகுதியுள்ள ஒருவர் வீட்டை வைத்துக்கொள்ளலாம், அல்லது கழகத்திடமே திரும்ப ஒப்படைக்க நேரலாம். வீட்டுக்காகத் தங்கள் மத்திய சேமநிதியிலிருந்து (கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) எடுத்த பணத்தை வட்டியோடு திருப்பிச் செலுத்துவது வேறு இருக்கிறது. “வீட்டை விற்கும் நேரம் வரட்டும்” என்று சொல்லிக் கோப்பை மூடிவைத்துவிட்டுப் போனவர்கள் பலர்.

“நியாயமற்ற நடத்தை” என்பது சட்டம் வைத்திருக்கும் ஒரு பெட்டி. கடன், குடி, அடி, பேசாமை, மாமியார் தலையீடு எல்லாம் அதற்குள்தான் போகும். வேறு எதையும் நிறுவ முடியாத நிலையில், காத்திருக்கவும் மனமில்லாதவர்கள், சிறு சிறு சம்பவங்களைத் தொகுத்து அந்தப் பெட்டியை நிரப்பினார்கள். 2024 ஜூலை 1 முதல் பரஸ்பர ஒப்புதலின் பேரில் மணவிலக்குக் கோரும் வழி திறந்துள்ளது. அதிலும் முறிவுக்கான காரணத்தையும், சேர்ந்து வாழ எடுத்த முயற்சியையும், பிள்ளைகளுக்கும் பணத்துக்கும் செய்துள்ள ஏற்பாட்டையும் தெரிவிக்க வேண்டும். இணைந்து வாழ வாய்ப்புண்டு என்று கருதினால் நீதிமன்றம் மறுக்கலாம். மூன்றாண்டுத் தடை அதற்கும் பொருந்தும்.

நேரம் பார்த்துக் காத்திருப்பது மாதக் கணக்கிலும் தெரிகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2001 முதல் 2015 வரையிலான மணவிலக்கு மனுக்களை ஆராய்ந்த இரு சமூகவியலாளர்கள், மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் அவை உச்சத்தை எட்டுவதைக் கண்டறிந்தனர்: குளிர்கால, கோடைக்கால விடுமுறைகள் முடிந்த பிறகு. எங்கள் அலுவலகத்திலும் பள்ளி விடுமுறைக்குப் பிறகு விசாரிக்க வருவோர் கூடுவதாக எனக்குத் தோன்றும், எண்ணிப் பார்த்ததில்லை.

பதில்: தோ பாயோ அக்கா

எழுத்தர் ஐயா சொன்ன காத்திருப்புக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் மனம் முறிவதற்கும் காலம் உண்டு என்பதைக் குடும்பச் சேவை நிலையத்தில் தொண்டூழியம் செய்தவள் என்ற முறையில் சேர்க்க விரும்புகிறேன். ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் தம்பதியரைப் 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முன்னதாகப் பிரிந்தவர்களுக்கும் பின்னர்ப் பிரிந்தவர்களுக்கும் தெளிவான வேறுபாடு இருந்தது. முன்னதாகப் பிரிந்தவர்களிடம் கடும் சண்டை, ஏளனம், பதிலுக்குப் பதில் குற்றச்சாட்டு ஆகியவை மிகுந்திருந்தன. பின்னர்ப் பிரிந்தவர்களிடம் சண்டையே அதிகமில்லை. சிரிப்பும் கனிவும் ஒருவர் செய்தியில் ஒருவர் காட்டும் அக்கறையும் வற்றியிருந்தன.

பெரியம்மாவின் ஏழு வருஷக் கணக்கை நான் நம்பாததற்கு இதுவே காரணம். சிங்கப்பூரில் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பிறகு பிரிவோரும் கணிசமாக உள்ளனர். கடைசிப் பிள்ளை பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்ததும், அல்லது மகன் தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பணி) போனதும், வீட்டில் இருவரும் தனியாக உட்கார்ந்து பேச ஒன்றுமில்லை என்று உணர்கிறார்கள். அதற்கு முன் பிள்ளையின் தொடக்கநிலை இறுதித் தேர்வு, பெற்றோரின் மருத்துவம், வீட்டுக் கடன் என்று பேச வேறு பொருள்கள் இருந்தன. நம் சமூகத்தில் இன்னொரு காரணத்தையும் கண்டிருக்கிறேன்: மூத்த மகளுக்கு வரன் அமையும் வரை பெற்றோர் ஒரே கூரையின்கீழ்ப் பொறுத்திருப்பார்கள், கல்யாண மண்டபத்தில் சேர்ந்து நின்று ஆசீர்வாதம் செய்துவிட்டு, அடுத்த ஆண்டு வழக்கறிஞரைப் பார்ப்பார்கள்.

தொடக்க ஆண்டுகளின் அழுத்தம் வேறு வகை. முதல் குழந்தை பிறந்தவுடன் யார் இரவில் எழுவது, யாருடைய அம்மா வந்து தங்குவது, யார் வேலையை விடுவது என்பவை பெரும் பூசலாகும். தமிழகத்திலிருந்து மணமுடித்து வந்த பெண் என்றால், நீண்டகால வருகை அனுமதியைப் புதுப்பிப்பதும் கணவன் கையில் இருக்கிறது. அவள் எதற்கும் வாய் திறக்காமல் இருப்பதை இணக்கம் என்று மாமியார் வீடு நினைத்துக்கொள்ளும். வயதும் முக்கியம்: அமைச்சின் ஆய்வில், 20 முதல் 24 வயதுக்குள் மணந்த ஆண்களின் திருமணங்கள் அதிகமாக முறிந்திருந்தன. அமெரிக்கத் தேசியச் சுகாதாரப் புள்ளிவிவர நிலையத்தின் 1995ஆம் ஆண்டு கணக்கெடுப்பில், 18 வயதுக்கு முன் மணந்த பெண்களின் முதல் திருமணங்களில் 48 விழுக்காடு பத்தாண்டில் முறிந்தன. 25 வயதிலோ அதன் பின்போ மணந்தவர்களிடம் அது 24 விழுக்காடு.

பதில்: ஜூரோங் தனியன்

நான் நான்காண்டு காத்திருந்து மணவிலக்குப் பெற்றவன். அறிக்கையில் என் திருமணம் ஒன்பதாம் ஆண்டில் முடிந்ததாகக் கணக்கில் வரும். எங்களுக்குள் அது முடிந்தது நாலாம் ஆண்டிலேயே. பணம்தான் தொடக்கம் என்று உறவினர் சொல்வார்கள். எவ்வளவு கடன் என்பதை நான் மறைத்ததே அவளுக்குப் பெரிதாகப்பட்டது. தொகை அவ்வளவு பெரியதன்று. ஒரே கூரையின்கீழ்த் தனித்தனிக் குடித்தனமாக வாழ்ந்தோம் என்று நிறுவுவதற்கும் வழி உண்டு என்றாலும் அது எளிதன்று என்று அறிந்து, நான் அண்ணன் வீட்டு வரவேற்பறைக்குக் குடிபெயர்ந்தேன்.

பதில்: அரபுத் தெரு வாசகர்

இதுவரை பேசியவை முஸ்லிம் அல்லாதோரின் மணவிலக்கைப் பற்றியவை என்பதைக் குறிப்பிட வேண்டும். முஸ்லிம் தம்பதியர் ஷரியா நீதிமன்றத்துக்குச் செல்கிறோம்; மாதர் சாசனத்தின் மூன்றாண்டுத் தடை அங்கே இல்லை. வழக்குக்கு முன் மண ஆலோசனைக்குச் செல்ல வேண்டும். காரணங்களையும் வேறுவகையாகப் பதிவு செய்கிறார்கள்: குணப் பொருத்தமின்மை, துரோகம் என்று வெளிப்படையாகவே இருக்கும். எனவே இரு பட்டியல்களையும் அருகருகே வைத்து, ஒரு சமூகத்தில் துரோகம் அதிகம் என்று முடிவு கட்டுவது நியாயமாகாது.

கேள்வியாளர்: பொங்கோல் வாசகர்

அனைவருக்கும் நன்றி. எழுத்தர் ஐயாவிடம் மேலும் ஒன்று. நாங்கள் இந்த ஆண்டே திருமணப் பதிவை முடித்துவிட்டு, அடுத்த ஆண்டு கோயிலில் தாலி கட்டுவதாக ஏற்பாடு. அந்த மூன்றாண்டு எந்த நாளிலிருந்து எண்ணப்படும்?

பதில்: ஈசூன் சட்ட எழுத்தர்

பதிவுத் திருமணம் முறையாக நடந்தேறிய நாளிலிருந்து. 1961 செப்டம்பரில் மாதர் சாசனம் நடைமுறைக்கு வந்த பின், சடங்கு மட்டும் செய்துகொண்டால் சட்டப்படி திருமணம் ஆகாது. பதிவு நடந்துவிட்டால், தாலி கட்டாவிட்டாலும் நீங்கள் கணவன் மனைவிதான். புள்ளிவிவரத் துறையும் பதிவு ஆவணத்தைக் கொண்டே ஆண்டுகளைக் கணக்கிடும். நம் தமிழ்க் குடும்பங்களில் இதை மறந்துவிடுகிறார்கள்: பதிவுக்கும் தாலிக்கும் இடையில் மனம் மாறினால், நிச்சயதார்த்தத்தை நிறுத்துவது போல நிறுத்திவிடலாம் என்று எண்ணி எங்களிடம் வருவார்கள். அப்போது திருமண ரத்துக்கு இடமுண்டா, அல்லது மூன்றாண்டு காத்திருக்க வேண்டுமா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் பெண் வீட்டாரிடமும் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.