1789 பாரிஸ்: ரொட்டி விலை, கூலிக் கணக்கு – உதவி தேவை

புரட்சிக்கு முந்தைய பாரிஸ் கூலிக் குடும்பங்களின் வரவு செலவைத் தொகுத்து வருகிறோம். 1788இல் வறட்சி, போதாததற்கு ஜூலை 13 ஆலங்கட்டி மழை. 8, 9 சூ (அக்காலப் பிரெஞ்சுச் சிறு நாணயம்) விலையில் கிடைத்த நாலு பவுண்டு ரொட்டி (கிட்டத்தட்ட 2 கிலோ) 1789 பிப்ரவரியில் 14.5 சூ ஆனது. சாதாரணக் கூலியாளுக்கு நாளுக்கு 20 முதல் 30 சூ. ரொட்டி விலையை இந்தக் கூலியால் நேரடியாக வகுத்தால் கணக்கு தப்பும்: ஞாயிறு, திருநாள்களில் கூலி கிடையாது, வயிறு விடுமுறை எடுக்காதே!

சலவை, தையல் பெண்களின் தினக்கூலி எந்த ஆவணத்தில் கிடைக்கும்? பாரிஸைச் சுற்றி வரி வசூலிக்க எழுப்பிய சுங்க மதிலுக்குள் வைனுக்கு அப்போது நுழைவு வரி இருந்தது, வெளியே மதுக்கடைகளில் மலிவு. அந்த விலை வித்தியாசமும் வேண்டும். ஆண்டுச் சராசரி உதவாது, மாதவாரியாகத் தாருங்கள். தொகையைச் சூ கணக்கிலேயே எழுதுங்கள், ரூபாய்க்கு மாற்ற வேண்டாம்.