மே மாதம் தூண்டில் வேண்டாம், மருமகனே

நான்: மாமா, மே இரண்டாம் வாரம் லீவு கிடைத்துவிட்டது. கொலம்பஸிலிருந்து காரிலேயே வெஸ்ட் வர்ஜீனியாவில் உங்கள் ஊர் ஹிண்டனுக்கு வந்துவிடுகிறேன். அங்கே நியூ ரிவர் ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸ் மீன் பெரிசு பெரிசாக அகப்படுவது அப்போதுதான் என்று ஆபீசில் சொன்னார்கள்.

மாமா: அகப்படும்தான். ஏன் என்று சொன்னார்களா?

நான்: இல்லையே.

மாமா: தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டதும் ஆண் மீன் கரையோரச் சரளையை வாலால் துடைத்து வட்டமாகக் குழி போடும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அப்புறம் ராப்பகலாகத் துடுப்பால் விசிறிக்கொண்டு காவல் நிற்பது அப்பன்தான். பக்கத்தில் எது வந்தாலும் பாயும். உன் தூண்டிலை அது பசித்துக் கடிப்பதில்லை, விரட்டத்தான் கடிக்கிறது.

மாமா: அதைத் தூக்கி ஒரு போட்டோ எடுக்கிற நேரம் போதும், சன்ஃபிஷ் என்கிற சின்ன மீன் கூட்டம் முட்டையைத் தின்றுவிடும். இங்கே வந்த புதிதில் நானும் ஒரு தடவை அப்படித் தூக்கினேன். திரும்ப விடுவதற்குள் குழியில் சின்ன மீன்கள் மொய்த்துவிட்டன. இன்னும் அது மனசை விட்டுப் போகவில்லை.

சித்தி: அண்ணே, தூத்துக்குடியிலும் இப்போது அதேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கிறது. இவர் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். கைச்செலவுக்குக் கஷ்டம்தான், ஆனால் மீன் பெருக வேண்டுமே.

நான்: சரி மாமா, அப்போது ஜூலையில் வரட்டுமா?

மாமா: வரலாம். ஆனால் விடியற்காலை, இல்லாவிட்டால் பொழுது சாய்கிற நேரம். வெயில் ஏறிவிட்டால் மீன் காற்று கலந்த ஓட்டத்துக்குப் போய்விடும். பெரிய பாறைக்குப் பின்னால் நுரை அடங்கும் இடம் தெரியும் பார், அங்கே நின்றுகொண்டு ஓட்டம் கொண்டுவருவதைத் தின்னும். கல்லுக்கடியில் கிடக்கும் கிராஃபிஷ், நம்ம இறால் மாதிரி இருக்கும், அதுதான் அதற்குச் சோறு. ஹெல்கிராமைட் என்று ஒரு கறுத்த பூச்சிப்புழு இருக்கிறது, அதற்கும் உயிரை விடும். கல்லைப் புரட்டி எடுக்கும்போது பார்த்து எடு, அந்தப் புழு கடிக்கும்.

அம்மா: தம்பி, அவனை ஆற்றில் இறக்காதே. பாறை எல்லாம் வழுக்கும்.

மாமா: லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறக்க மாட்டேன் அக்கா. மேலே ப்ளூஸ்டோன் அணை இருக்கிறது, தண்ணீர் திறந்தால் கீழே மட்டம் ஏறிவிடும். அன்றைய மட்டத்தை ஆன்லைனில் பார்க்காமல் நான் காலே வைப்பதில்லை.

மாமா: மருமகனே, என்னைக் கேட்டால் அக்டோபர். மலை முழுக்க இலை சிவந்து மஞ்சளித்து நிற்கும், தண்ணீர் தெளிந்து ஆறத் தொடங்கும். குளிருக்கு முன்னால் வயிற்றை நிரப்பிக்கொள்ள மீன் நட்டநடுப் பகலிலும் துரத்தித் தின்னும். தூண்டில் முள் ஏறியதும் தண்ணீரை விட்டு எம்பிக் குதிக்கும், தங்கூஸ் நூல் தெறிக்கிற மாதிரி இழுக்கும். டிசம்பர் ஜனவரியில் அதே மீன் ஆழமான கசத்தில் போய் அடங்கிவிடும். இரையை மூக்குக்கு நேரே நிறுத்தினால்தான் வாயே திறக்கும். அதற்குப் பொறுமை வேண்டும், கையும் விறைத்துப்போகும்.

நான்: பிடித்ததைக் குழம்பு வைக்கலாமா?

மாமா: வேண்டாம்டா. இந்த ஆற்றில் 12 அங்குலம் வளரவே சில வருஷம் ஆகும். குழம்புக்குக் கடையில் கெளுத்தி வாங்கிக்கொள்ளலாம். ஆற்றின் சில பகுதிகளில் பாஸைத் திரும்ப விட்டே ஆகவேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. தூண்டில் முள்ளின் பின்பல்லை முன்னாலேயே இடுக்கியால் நசுக்கிவிட்டால் வாய் கிழியாமல் கழற்றலாம். கையை நனைத்துக்கொண்டு பிடி.

அம்மா: அப்போ மே மாசம் எடுத்த லீவு?

மாமா: அதையும் விடாதே, வா. தூண்டில் மட்டும் வேண்டாம். தண்ணீர்ப் பளபளப்பைக் குறைக்கிற போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் கொண்டுவா. சாண்ட்ஸ்டோன் அருவிக்குக் கீழே பாறைமேல் நின்று குழியைக் காட்டுகிறேன்.

நான்: சரி மாமா. அக்டோபருக்கும் இன்றைக்கே லீவு கேட்டுவிடுகிறேன்.

சித்தி: காவல் நிற்கிற அந்த மீனை வீடியோ எடுத்து இந்தக் குரூப்பில் போடு. இவருக்குக் காட்டவேண்டும்.