எச்.எம்.டி. பைலட் வாட்ச், கடைக்காரர் 4,500 ரூபாய் சொல்கிறார்: வாங்கலாமா?

குன்னூர்வாசி:
வணக்கம். மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் சாவி கொடுக்கும் எச்.எம்.டி. பைலட் வாட்ச் பார்த்தேன். 70களில் வந்தது என்கிறார் கடைக்காரர். வானநீல டயல், புதுசு போல மின்னுகிறது, ஓடுகிறது. விலை 4,500. அருவங்காட்டில் வேலை பார்த்த காலத்தில் அப்பா பைலட்தான் கட்டியிருந்தார். அது தொலைந்துபோனதில் அவருக்கு இன்னமும் மனக்குறை. அவருக்காகத்தான் கேட்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

கோத்தகிரி அண்ணன்:
தம்பி, பணத்தை எடுக்காதீர்கள். பழைய பைலட் என்றாலே கருப்பு டயல்தான். வானநீலம் என்றால் மறுபூச்சு, அதாவது டயலுக்குப் பின்னால் யாரோ புதிதாகப் பெயின்ட் அடித்தது என்றே முதலில் சந்தேகப்படுங்கள். பழைய மெஷினுக்குக் கலர் டயல் போட்டு விற்பது பரவலாக நடக்கிறது.

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அசல் டயலில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். மறுபூச்சில் ஓரம் கசிந்திருக்கும், நிமிடக் கோடுகள் எண்களுக்கு நேராக நிற்காது, முள் அச்சு வரும் ஓட்டையைச் சுற்றிப் பெயின்ட் தடித்துக் கிடக்கும். மெஷின் பழுதானால் சரி செய்யலாம், பாகமும் கிடைக்கும். அழிந்த அசல் டயல் திரும்பாது. விலையே அதில்தான் இருக்கிறது.

குன்னூர்வாசி:
நன்றி அண்ணா. பின்மூடியைத் திறக்கச் சொல்லலாமா?

கோத்தகிரி அண்ணன்:
கட்டாயம். திறக்க மறுத்தால் வந்துவிடுங்கள். நம் ஊர்ப் பனியில் ஈரம் சாவி வழியாகத்தான் உள்ளே போகும். சாவித்தண்டு நுழையும் இடத்தில் செம்பழுப்புத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் பலர் கை வைத்த மெஷின். முன்னும் பின்னுமாகச் சுழலும் பேலன்ஸ் வீல் என்ற சக்கரம் தள்ளாடாமல் சுற்ற வேண்டும்.

ஊட்டி ரிப்பேர்க்கடை:
ஓடுகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். முழுச் சாவி கொடுத்து, கடைக்காரர் சம்மதித்தால் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் மறுநாள் அதே நேரம் தாண்டியும் ஓடும். மல்லாக்க, கவிழ்த்து, நிறுத்தி என்று மாற்றி வையுங்கள். நிலைக்கு நிலை நேரம் ரொம்ப மாறினால் ஆயில் வற்றியிருக்கும், இல்லை அச்சு தேய்ந்திருக்கும். இந்த மெஷின் மணிக்கு 18,000 முறை அடிக்கும், அதாவது நொடிக்கு ஐந்து முறை. வாட்சின் டிக்-டிக் சத்தத்தை அளக்கும் ஆப் ஏதாவது ஒன்றை போனில் போட்டுப் பக்கத்தில் வைத்தால் சீராக அடிக்கிறதா என்று தெரியும். திடீரென நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் காந்தம் ஏறியிருக்கலாம், அதை எடுப்பது சின்ன வேலை.

சர்வீஸ் ஆகவில்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். எச்.எம்.டி. பெங்களூரில் 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கூட்டுறவோடு தொடங்கிய வாட்ச் தொழிலை 2016-ல் மூட முடிவு செய்தார்கள். அதைச் சொல்லியே இப்போது விலையை ஏற்றுகிறார்கள். ஆனால் பைலட் ஏராளமாக வெளிவந்தது, இன்னும் கிடைக்கிறது. மறுபூச்சு என்றால் நான் 1,500 தாண்ட மாட்டேன்.

குன்னூர்வாசி:
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 'பைலட்' எழுத்து கசிந்திருக்கிறது, 4-க்குப் பக்கத்தில் கோடு விலகியும் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கருப்பு டயல் வந்தால் கூப்பிடுவதாகக் கடைக்காரர் என் போன் எண்ணை வாங்கிக்கொண்டார்.

கோத்தகிரி அண்ணன்:
சரியாகச் செய்தீர்கள். கருப்பு வந்தால் டயல் ஓரத்தில் கொஞ்சம் மங்கியிருந்தாலும் பரவாயில்லை, அசலாக இருக்கட்டும். பாலிஷ் போட்டு ஓரமெல்லாம் மழுங்கிய கேஸ் (வெளிக்கூடு) மட்டும் வேண்டாம். பெட்டியில் பூட்டி வைக்காமல் தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுக்கச் சொல்லுங்கள் அப்பாவிடம்.