புதுப்பிப்பு: பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே சப்வூஃபர்

போன பதிவில் கேட்டது: பாட்டுக்கான ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், படத்துக்கான ஏவி ரிசீவர் இரண்டுக்கும் ஒரே சப்வூஃபரை (பேஸ் என்ற அடி ஒலிக்கு மட்டுமான ஸ்பீக்கர்) இணைக்கலாமா? இணைத்தாயிற்று.

"ஒய் கேபிளில் இரண்டையும் சேர்த்துவிடுங்க" என்று சிலர் சொன்னீர்கள். வேண்டாம். அது ஒரு சிக்னலை இரண்டாகப் பிரிக்கத்தான். இரண்டு அவுட்புட்டை முட்டவிட்டால் ஒன்று மற்றொன்றுக்குச் சுமையாகிவிடும்.

என் சப்வூஃபரில் ஹை லெவல் (ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலை எடுப்பது), எல்எஃப்இ (ரிசீவர் அனுப்பும் பேஸ் சிக்னலுக்கு) என்று இரண்டு இன்புட், தனித்தனி வால்யூம் குமிழோடு. ஹை லெவல் வயர் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளிலேயே, ஸ்பீக்கர் வயரோடு சேர்ந்து போகிறது. சிக்னலை மட்டும் எட்டிப் பார்க்கும்; ஆம்ப்ளிஃபயருக்குக் கூடுதல் பாரம் கிடையாது. உங்கள் ஆம்ப்ளிஃபயர் கிளாஸ் டி (ஸ்விட்சிங்) வகை என்றால் மட்டும் ஹை லெவலின் கறுப்பு வயரை மைனஸில் மாட்டும் முன் கையேட்டைப் பாருங்கள். ரிசீவரிலிருந்து எல்எஃப்இ-க்கு ரிச்சி தெருவில் வாங்கிய சாதாரண ஆர்சிஏ கேபிள். கடைக்காரர் தங்க முலாம் போட்டதையே நீட்டிக்கொண்டிருந்தார்.

முன் ஸ்பீக்கர்களை ஓட்டுவது ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்தான். ரிசீவரின் ப்ரீ அவுட் (பெருக்கும் முன் சிக்னல் வெளிவரும் இடம்) அந்த ஆம்ப்ளிஃபயரின் ஹோம் தியேட்டர் பைபாஸுக்குள் (வால்யூமை ரிசீவரிடமே விட்டுவிடும் இன்புட்) போகிறது. அப்படியானால் படம் ஓடும்போது பேஸ் இரண்டு வழியிலும் வராதா? ரிசீவரில் முன் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' (பேஸைச் சப்வூஃபருக்குத் திருப்பும் அமைப்பு) ஆக்கி, பிரிக்கும் எல்லையை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். அதற்குக் கீழுள்ளது பெரும்பாலும் எல்எஃப்இ வழியே போய்விடுகிறது. சப்வூஃபரின் ஹை லெவல் வடிகட்டி 45 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைக் குறைத்துவிடுவதால் இரட்டிப்பு காதில் விழவில்லை. பாட்டில் தவில் அடி இப்போது நெஞ்சில் விழுகிறது.

அப்புறம், இடையில் கேட்டுக்கொண்டிருந்த 'ம்ம்ம்' உறுமல்: செட்டாப் பாக்ஸின் கேபிள் டிவி வயரைக் கழற்றியதும் நின்றது. எர்த் லூப்தான் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த் ஆவதால் வரும் இரைச்சல்). அந்த வயரில் எர்த் தொடர்பைத் துண்டிக்க ஒரு ஐசொலேட்டர் வாங்க வேண்டும்.