பூட்டிக்கொள்ளும் டைவ் கம்ப்யூட்டரை வாங்கலாமா?

ஆழிமகன்:
முக்குளிக்கும்போது ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, மேலே வரும்போது எங்கே, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டும் கைக்கருவிதான் டைவ் கம்ப்யூட்டர். முதல் கருவியாக எதை வாங்கலாம் என்று வாரம் ஒருவர் கேட்கிறார். என் பதில் ஒன்றுதான்: சுன்டோ சூப் நோவோ. உடம்பில் தேங்கிய நைட்ரஜன் வெளியேறுவதற்காக வழியில் நின்றே ஆக வேண்டிய கட்டாய நிறுத்தத்தை விட்டுவிட்டு மேலே வந்தால் அது 48 மணி நேரம் பூட்டிக்கொள்ளும், அதாவது கணக்கிட மறுக்கும். ஷியர்வாட்டர் பெரெக்ரின் என்ன தவறு செய்தாலும் பூட்டாது. பூட்டாத கருவியைப் புதியவர் கையில் கட்டிவிடுவது பொறுப்பற்ற செயல்.

கொட்டியாரம்:
பொறுப்பற்ற செயலா? நான் சொல்லிக்கொடுத்தவர்களில் பாதிப் பேர் பெரெக்ரின்தான் கட்டியிருக்கிறார்கள். பூட்டு எப்போது விழுகிறது என்று கையேட்டைத் திறந்து பாருங்கள். நிற்க வேண்டிய ஆழத்துக்கு மேலே ஏறி, மூன்று நிமிடத்துக்குள் திரும்ப இறங்காவிட்டால் விழுகிறது. அந்த நேரத்தில் ஆள் இன்னும் தண்ணீருக்குள் இருக்கலாம். காற்றுத் தீர்ந்த கூட்டாளியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்திருக்கலாம். எங்கே, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரிந்தாக வேண்டிய அந்தக் கணத்தில் உங்கள் கருவி கணக்கை நிறுத்திவிட்டு, ஆழத்தையும் நேரத்தையும் மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்!

ஆழிமகன்:
நிறுத்தத்தைத் தவறவிட்டவர் மறுநாள் கடலில் இறங்கலாமா, கூடாதா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கூடாது என்றால் 48 மணி நேரப் பூட்டு சரிதான்.

கொட்டியாரம்:
கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் பயிற்றுநர், மருத்துவர். இறங்கியே தீருவேன் என்பவர் பக்கத்துக் கடையில் வேறு கருவியை வாடகைக்கு எடுத்துக் கட்டிக்கொண்டு இறங்குவார். அந்தக் கருவிக்கு அவர் உடம்பில் தேங்கிய நைட்ரஜனைப் பற்றி ஒன்றும் தெரியாது. கிரெஸ்ஸி லியோனார்டோ என்ற கருவியில் பழைய நைட்ரஜன் கணக்கையே முழுதாக அழிக்கும் வசதி இருக்கிறது, வாடகைக் கடைகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று. பூட்டு யாரைத் தடுத்தது?

தெளிநீர்:
ஒரு சிறு விளக்கம். பொழுதுபோக்கு முக்குளிப்பு என்றால் 40 மீட்டருக்குள், கட்டாய நிறுத்தம் தேவைப்படாத டைவ். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது பாதுகாப்புக்காக. அதை விட்டால் பூட்டு விழாது. எல்லைக்குள் இருப்பவர் இந்தப் பூட்டைப் பார்க்கவே மாட்டார். புதியவர் பார்க்க வேண்டியவை வேறு. கலங்கிய நீரில் எழுத்து தெரிகிறதா? பேட்டரியை நாமே மாற்றலாமா, சார்ஜ் செய்ய வேண்டுமா? சூப் நோவோவில் நாமே மாற்றலாம். பெரெக்ரினை சார்ஜ் செய்ய வேண்டும், ஆனால் வண்ணத் திரை. விலை ஏறத்தாழ இரு மடங்கு.

ஆழிமகன்:
பார்க்கவே மாட்டார் என்றால் பூட்டு இருப்பதில் என்ன நஷ்டம்? 48 மணி நேரம் இருந்துவிட்டுப் போகட்டுமே.

கொட்டியாரம்:
தெளிநீர், திரையும் பேட்டரியும் பிறகு பேசலாம். இவருக்கு முதலில் பூட்டு புரியட்டும். எச்சரிக்கையை டைவுக்கு முன்னால் அமைக்க வேண்டும். சூப் நோவோவிலேயே பி1, பி2 என்ற கூடுதல் எச்சரிக்கை நிலைகளுக்கு இறுக்கிக்கொள்ளலாம். பெரெக்ரின், நைட்ரஜன் தேக்கத்தைக் கணக்கிடும் பூல்மன் முறையில் ஓடுகிறது. அதில் 45/95, 40/85, 35/75 என்று மூன்று நிலைகள் உண்டு; எண் குறையக் குறைய எச்சரிக்கை கூடும். புதியவர் 35/75 வைத்தால் கட்டாய நிறுத்தமில்லாமல் கீழே இருக்கக்கூடிய நேரம் குறையும், அவ்வளவுதான். தவறு நடந்த பிறகு கருவி வாயை மூடிக்கொள்வதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல, தண்டனை.

சங்குத்துறை:
எங்கள் தூத்துக்குடியில் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்தார்கள். யார் கையில் கம்ப்யூட்டர் இருந்தது? பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை. இப்போது ஆளுக்கொரு கருவியைக் கட்டிக்கொண்டு கணக்குப் பேசுகிறீர்கள்.

பவளவல்லி:
அண்ணா, மூச்சை அடக்கிக் குளித்த காலத்தையும் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கும் காலத்தையும் ஒன்றாக்காதீர்கள். ஆழத்தில் அழுத்தக் காற்றை மூச்சுக்கு மூச்சு இழுக்கும்போதுதான் உடம்பில் நைட்ரஜன் அந்த அளவுக்குச் சேருகிறது. கம்ப்ரசரில் நெடுநேரம் கிடந்து மேலே வந்து, மூட்டு வலியோடும் செயலிழந்த காலோடும் வீட்டில் இருப்பவர்கள் உங்கள் துறையிலேயே உண்டு. அவர்களிடம் கேளுங்கள், கருவி வேண்டுமா வேண்டாமா என்று.

சங்குத்துறை:
எங்கள் ஊரைப் பற்றி எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம், தங்கச்சி. அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன்.

பவளவல்லி:
உழைப்பை மதிப்பவர் அந்த உடம்பையும் சேர்த்து மதிக்க வேண்டும்.

ஆழிமகன்:
பேச்சு திசை மாறுகிறது. நான் சூப் நோவோவைக் கட்டிக்கொண்டு மட்டக்களப்பில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்ம்ஸ் கப்பல் வரை போய் வந்தவன். ஒருநாளும் பூட்டியதில்லை. ஒழுங்காக முக்குளிப்பவருக்குப் பூட்டு விழாது.

கொட்டியாரம்:
இப்போதுதான் ஐயா விஷயத்துக்கு வந்திருக்கிறீர்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. புதியவருக்கு ஆலோசனை சொல்ல வந்தவர் பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டிய டைவைச் சான்றாகக் காட்டுகிறீர்கள். கட்டாய நிறுத்தம் வரக்கூடிய அந்த ஆழத்தில், மூன்று நிமிடத்தில் கணக்கை நிறுத்திவிடும் கருவியோடு!

ஆழிமகன்:
நான் கப்பலின் மேற்பகுதி வரைதான் போனேன்.

கொட்டியாரம்:
மேற்பகுதியே 40 மீட்டரைத் தாண்டித்தான் இருக்கிறது. எங்கள் கடலை எங்களுக்கே சொல்லித்தராதீர்கள். சென்ற ஆண்டு காலில் மாட்டும் துடுப்பு பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சென்றுவந்த இடங்களைப் பட்டியலிட்டீர்கள்.

ஆழிமகன்:
துடுப்பு விவாதத்தில் நான் சொன்னதுதான் சரி என்று பிறகு மூன்று பேர் எனக்குத் தனியாக எழுதினார்கள்.

தெளிநீர்:
பேட்டரி பற்றி யாராவது பேசுவீர்களா? தீவுப் பயணத்தில் மின்சாரம் இல்லாத படகில் சார்ஜ் இறங்கிவிட்டால், பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் கருவி இல்லைதானே?

கொட்டியாரம்:
புறப்படுவதற்கு முன் சார்ஜ் ஏற்றாதவர் கடலுக்கே வர வேண்டாம். ஆழிமகன் ஐயா, மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். நிறுத்தத்தைத் தாண்டிவிட்ட ஒருவர் 3 மீட்டரில், கூட்டாளியைப் பிடித்தபடி தொங்கிக்கொண்டிருக்கிறார். அவர் கையில் கணக்குக் காட்டும் கருவி இருக்க வேண்டுமா, கணக்கை நிறுத்திய கருவி இருக்க வேண்டுமா?

ஆழிமகன்:
அவர் அந்த நிலைக்கு வந்திருக்கவே கூடாது. 48 மணி நேரம் கரையில் உட்காரட்டும்.

கொட்டியாரம்:
அவர் இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறார். கேள்வியைப் படியுங்கள்.

ஆழிமகன்:
படித்துவிட்டேன். 48 மணி நேரம்.