நெஞ்சில் அடி: அத்தைக்குக் கமரா, பக்கத்து லயத்துத் தம்பிக்குத் திறந்த ஒப்பரேசன்

எங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பேச்சு ஓடுகிறது. "காசு உள்ளவனுக்கு ஓட்டை போட்டு கமராவுல செய்வாங்க, நம்ம ஆளுக்கு நெஞ்சைப் பொளந்துருவாங்க" என்று. அது உண்மையே இல்லை. நெஞ்சில் அடிபட்ட என் அத்தைக்கும் பக்கத்து லயத்துத் தம்பிக்கும் துணையாக நின்றவன் நான். இருவரும் அரச ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்கள், ஒப்பரேசனுக்கு ஒரு சதம் கட்டவில்லை.

பக்கத்து லயத்துத் தம்பி வந்த திரிவீலர் கினிகத்தேனை வளைவில் பஸ்ஸோடு மோதியது. நெஞ்சுக்குள் தேங்கிய இரத்தத்தை இறக்க விலா இடுக்கில் குழாய் போட்ட கையோடு, போத்தலில் இரத்தம் கோடு கோடாக ஏறியது. ஒன்றரை லீற்றரைத் தாண்டியும் நிற்கவில்லை. குழாய் போட்டதுமே 1500 மில்லி லீற்றருக்கு மேல் வந்தாலோ, அதன் பிறகும் மணிக்கு 200 மில்லி லீற்றர் வீதம் சில மணி நேரம் விடாமல் வந்தாலோ, திறந்து பார்ப்பதுதான் வழக்கம். கமரா வைப்பதென்றால் அடிபட்ட பக்கத்து நுரையீரலைச் சுருங்க விட்டு, மற்றதால் மட்டும் மூச்சு ஓட்ட வேண்டும். பிரஷர் விழுந்துகொண்டிருந்த பையன் அதைத் தாங்கமாட்டான். அதோடு, இரத்தம் பொங்கும்போது கமராவில் சிவப்பைத் தவிர ஒன்றும் தெரியாதாம். விலாவை விரித்து, கிழிந்த இரத்தக் குழாயைக் கட்டினார்கள். அதனால்தான் பிழைத்தான்.

அத்தையின் கதை வேறு. மழையில் கொழுந்து பறிக்கும்போது சறுக்கி, கான் ஓரக் கல்லில் விலா அடிபட விழுந்தார். தோட்டத்து மருந்தகத்தில் வலி மாத்திரை கொடுத்தார்கள். இரவில் மல்லாந்து படுக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. குழாய் போட்டதும் கொஞ்சம் இரத்தம் வந்து நின்றுவிட்டது. எங்களுக்கு நிம்மதி. டொக்டருக்கு மட்டும் திருப்தியில்லை. மறுபடி எக்ஸ்ரே, பிறகு சிடி ஸ்கேன். உள்ளே இருந்த இரத்தம் தயிர் போல உறைந்துவிட்டது, இனி குழாயில் இறங்காது என்றார். நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு அனுப்பினார்கள்.

கையெழுத்துப் போடக் கொடுத்த தாள் சிங்களத்தில் இருந்தது. வார்டில் இருந்த தமிழ் நர்ஸ் மிஸ் ஒருவர் வரிக்கு வரி சொன்னார்: "கமராவுலதான் தொடங்குவாங்க. நுரையீரல் ஒட்டிப் போயிருந்தா, இரத்தம் கூடுனா, திறப்பாங்க. அதுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கையெழுத்து." எங்கள் மொழியிலேயே அந்தத் தாள் இருந்திருக்க வேண்டும். எத்தனை பேருக்கு அப்படி ஒரு மிஸ் கிடைப்பார்?

மூன்று சின்னத் துளைகளோடு முடிந்தது. கண் விழித்துத் தெளிந்ததும் அத்தை கேட்டது, "ஏன்டா தம்பி, எனக்கு இத்துனூண்டு, அந்தப் புள்ளைக்கு மட்டும் ஏன் முதுகு வரைக்கும் வெட்டுனாங்க?"

அத்தைக்கு இரத்தம் நின்றிருந்தது, பிரஷர் சரியாக இருந்தது, நாளும் கடந்துவிடவில்லை. உறைந்த இரத்தத்தை அடிபட்ட மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் எடுத்தால் கமரா பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போனால் அது நுரையீரலைச் சுற்றித் தோலாக இறுகும், சீழும் பிடிக்கலாம். அப்போது பெரிதாகத் திறந்து உரித்தெடுக்கிற நிலை வந்துவிடும். நம் மலைப்பாதையில் முதலில் கரைவதே இந்த நாட்கள்தான். "சம்பளம் வெட்டுவாங்க" என்று வீட்டில் கிடப்பவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நெஞ்சில் அடிபட்ட பெரும்பாலானோருக்குக் குழாயே போதும், ஒப்பரேசனே தேவைப்படாது. ஆனால் குழாய் எடுத்து வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டோடு அன்றைக்கே திரும்பிப் போங்கள், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அத்தை இப்போது கையைத் தலைக்கு மேல் தூக்குகிறார். தம்பிக்குத் தழும்புக்குக் கீழே இன்னும் எரிச்சல். விலாவை விரிக்கும்போது நரம்பு நசுங்குவதால் திறந்த ஒப்பரேசனில் இது வருவதுண்டு. பனடோலைப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தான். கிளினிக்கில் சொன்னதும் நரம்பு வலிக்கென்றே வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.