வீட்டு வரி ஆட்சேபத்துக்கு எந்த ஆதாரம் எடுபடும்? அவசரம்

மாடிவீடு84:
வரி கூடிவிட்டது, ஆட்சேபம் எழுதணும். பக்கத்து வீடு விற்ற பத்திர நகல், வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலை) பிரிண்ட், பேங்க் லோனுக்கு இன்ஜினியர் கொடுத்த மதிப்பீடு மூன்றும் இருக்கிறது. எதை வைத்தால் வீட்டு மதிப்பு குறைவு என்று ஒப்புக்கொள்வார்கள்? வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

பாலாற்றுக்கரை:
மாநகராட்சியா, நகராட்சியா, ஊராட்சியா? எத்தனை சதுர அடி? ஒன்றுமே சொல்லவில்லையே.

மாங்காய்மண்டி:
வாடகைக்கு விட்டிருக்கீங்களா? வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் நோயாளிகளோடு வருபவர்களுக்கு அறை விடும் வீடுகள் நிறைய. வெளியே ஒரு போர்டு தொங்கினால் வணிகப் பயன்பாடு என்று எழுதிவிடுவார்கள். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும்.

ஓய்வுசர்வேயர்:
தம்பி, இதை இங்கே எத்தனை முறைதான் எழுதுவது? விலை வேறு, வரி வேறு. தமிழ்நாட்டில் சொத்து வரி ஆண்டு வாடகை மதிப்பை, அதாவது வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கை வைத்துப் போடுவது. வீடு எத்தனை லட்சத்துக்குப் போகும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பரப்பு, மண்டலம், கூரை ஆர்.சி.சி. கான்கிரீட்டா ஷீட்டா, குடியிருப்பா கடையா, கட்டி எத்தனை வருஷம். இதில் எது தப்பு என்று காட்டு. அந்த மூன்று காகிதத்தையும் பீரோவில் வை.

செங்கல்சூளை:
வழிகாட்டி மதிப்பு ஏறினால் வரியும் ஏறத்தான் செய்கிறது. அனுபவத்தில் சொல்கிறேன்.

ஓய்வுசர்வேயர்:
2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்களே, உன் வீட்டு வரி குறைந்ததா?

செங்கல்சூளை:
அப்போதே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்களே, அதைச் சொல்ல மாட்டீங்களா?

பாலாற்றுக்கரை:
அது பத்திரப் பதிவு. தனி இழை போட்டுச் சண்டை பிடியுங்கள். இவருக்கு வெள்ளிக்கிழமை கெடு.

மாடிவீடு84:
மன்னிக்கணும், வேலையில் இருந்தேன். நகராட்சிதான், ஊர் பெயர் வேண்டாமே. வாடகைக்கு யாரும் இல்லை. பழைய ரசீதில் 1,140 சதுர அடி, நோட்டீஸில் 1,290.

பாலாற்றுக்கரை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 2022 ஏப்ரல் சொத்து வரி உயர்வில் 601 முதல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம் ஏற்றினார்கள், 1,201 முதல் 1,800 வரை 75. நீங்கள் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். அந்த 150 எங்கிருந்து வந்தது?

மாடிவீடு84:
மொட்டை மாடியில் துணி காயப்போட ஷீட் இறக்கினோம். 10க்கு 15. நான்கு இரும்புக் குழாய்தான், சுவரே கிடையாது.

ஓய்வுசர்வேயர்:
அப்படிச் சொல்! டேப் பிடித்து, எண் தெரிகிற மாதிரி போட்டோ எடு. நான்கு பக்கமும் திறந்திருப்பது தெரியணும். அனுமதி வரைபட நகல், பழைய ரசீது, வீட்டு இணைப்பு என்று காட்டும் கரண்ட் பில் சேர்த்து வை. ‘வரி அதிகம்’ என்று எழுதாதே. ‘திறந்த ஷீட்டைக் கான்கிரீட் பரப்போடு சேர்த்துள்ளனர், மறு அளவு எடுக்கவும்’ என்று எழுது. ஒப்புகை வாங்காமல் அங்கிருந்து நகராதே.

மாடிவீடு84:
கொடுத்துவிட்டேன். ஒப்புகை கையில் இருக்கிறது. அளக்க வருவார்களாம். நன்றி சார்.

மாங்காய்மண்டி:
அளந்தார்களா? எங்கள் மாடியிலும் இதே ஷீட்தான்.